எழுந்திருக்காதவள்

படுக்கையில் கிடக்கும் மாமனாரை அவ்வப்போது புரட்டிப் போடாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். மருமகளுக்கோ முன்னறையில் கம்ப்யூட்டர் வேலை. ஆன்லைன் கடைக்கு வரும் புகார்களைப் படித்து வகை பிரிக்க வேண்டும். மவுஸ் கொஞ்ச நேரம் அசையாவிட்டால் திரையோரத்துப் பச்சைப் புள்ளி சாம்பல் நிறமாகும், மேற்பார்வையாளர் கூப்பிட்டுவிடுவார். ஒன்றுக்குப் போகக்கூடக் காரணம் சொல்லியாக வேண்டிய பிழைப்பு.

கிழவர் முதுகில் சிவப்பைப் பார்த்த அன்றே அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். மவுஸைச் சாய்வான பலகையில் வைத்து, தலையாட்டும் மேசை விசிறியோடு நூலால் இணைத்தாள். விசிறி அந்தப் பக்கம் திரும்பினால் மவுஸ் மேலே ஏறும், இந்தப் பக்கம் திரும்பினால் சறுக்கி இறங்கும். புள்ளி பச்சையாகவே இருந்தது. மாமனாரைத் துடைத்து, புரட்டிவிட்டு வந்து, விட்டுப்போன வேலையைக் கை கடுக்கத் தட்டி ஈடுகட்டினாள். சிவப்பு மங்கியது. கம்பெனியை ஏமாற்றுகிறோமே என்ற உறுத்தல் எள்ளளவும் இல்லை. எதற்கு இருக்க வேண்டும்?

மாதக் கடைசியில் எல்லோருக்கும் அறிவிப்பு வந்தது. ஊழியர் ஒருவர் இருக்கையை விட்டே எழாமல் வேலை பார்த்திருக்கிறாராம், எனவே எல்லோராலும் முடியுமாம். இன்று முதல் இடைவேளை பாதி, கேமராவும் அணையக் கூடாது. அவளுக்கு மட்டும் தனியாக ஒரு பாராட்டு. அந்த ஊழியர் அவள்தான்.

சற்று நேரத்தில் ஹெட்போனில் நாத்தனார் வந்தாள். அவளும் தன் வீட்டிலிருந்து இதே வேலைதான் பார்க்கிறாள், கைக்குழந்தைக்காரி. கெஞ்சிக் கூத்தாடி அவளை இதில் சேர்த்துவிட்டதே மருமகள்தான்.

“பிள்ளைக்குப் பால் குடுக்கக்கூட இனி எந்திரிக்க முடியாது அண்ணி. எவளோ ஒருத்தி உக்காந்தே செஞ்சு காட்டியிருக்கா. அவ வீட்டுல மனுஷங்களே இல்லையா? நல்லா இருப்பாளா அவ?”

சொல்லிவிடலாமென்று வாயெடுத்தாள். பேசுவது கம்பெனி இணைப்பு, ஒவ்வொரு சொல்லும் பதிவாகும். வேலை போனால் கிழவரின் மருந்துக்கு எங்கே போவது?

“இருக்க மாட்டா,” என்றாள்.

உள்ளறையில் மாமனார் முனகினார். அது நாத்தனார் காதிலும் விழுந்துவிட்டது.

“அப்பாவா? என்னன்னு பாருங்க அண்ணி.”

“இதோ பாக்குறேன்மா,” என்று சொல்லிவிட்டு, கேமராவுக்கு நேராக முகத்தை வைத்து அடுத்த புகாரைத் திறந்தாள்.