கருத்த கரு

"கரு கருத்துப் போச்சே புள்ள!" என்றாள் லெட்சுமி.

அடுப்படியில் நின்ற கிருஷாந்தியின் கை தானாக வயிற்றுக்குப் போனது. ஏழாம் மாதம். தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் பக்கத்து அறையான காம்பராவில் இருப்பவள் சொன்னது சட்டிக்குள் உடைத்து ஊற்றிய முட்டையை. இருந்தாலும் அந்தச் சொல் வந்து விழுந்த இடம் வேறு.

மஞ்சளாக இருக்க வேண்டியது பாசி பிடித்த பச்சையில், கறுப்புத் திட்டுகளோடு கிடந்தது. தினம் ஒரு முட்டை சாப்பிடச் சொல்லி கிளினிக்கில் மிட்வைஃப் சொன்னதால், குஞ்சாக வாங்கி வளர்த்த நாலு பெட்டைகள். முட்டையிடத் தொடங்கி ஒரு மாதம். முதலில் லேசாகப் புள்ளி விழுந்தபோது அவள் கண்டுகொள்ளாமல் தின்றாள். நாளாக ஆகத் திட்டு பெரிதாகிவிட்டது.

"என் கோழியும் இதே லயத்துலதான் மேயுது. அதுக்கு ஒன்னுமில்லையே," என்றாள் லெட்சுமி. "போன தடவையும் ஒனக்கு எட்டாம் மாசத்துலதான்... யாராச்சும் செய்வின வச்சிருப்பாங்க, கோடாங்கியக் கூப்புட்டுப் பாரு புள்ள."

"ஒங்க வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்கக்கா."

அன்று மாலை தேயிலை ஃபேக்டரி வேலை முடிந்து வந்த புருஷன் திலக்ஷனிடம் சொன்னாள். சட்டியை எட்டிப் பார்த்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வித்துப் போடுவோம் சனியன்கள."

"எங்க போய் என்னத்தத் திங்குதுன்னு நாளைக்குப் பின்னாலேயே போய்ப் பாக்குறேன்."

"வயித்தத் தள்ளிக்கிட்டு கோழிக்குப் பின்னால போவியா? பேசாம கெட!"

அவன் அவளிடம் இப்படிக் கத்தியதே இல்லை.

காலையில் குஞ்சு விற்ற லிந்துலை மரியரட்ணத்துக்கு போன் எடுத்தாள். விவரம் கேட்டு அவர் சிரித்தார்.

"கோழிக்கு டீ ஊத்திக் குடுக்குறியா தங்கச்சி? தேயிலத் தூளத் தின்னாலும் கரு இப்படித் திட்டு விழும். கூட்டுக்குள்ள தூள் போட்டியா?"

"இல்லங்க அண்ணே, மரத்தூள்தான் போட்டுருக்கு."

"அப்ப வெளிய எங்கயோ திங்குது. அந்த எடத்தக் கண்டுபுடிச்சு அடச்சிரு. கொஞ்ச நாள்ல மஞ்சளாயிரும்."

செய்வினையில்லை, தூள்தான். அவளுக்கு உயிர் வந்தது. கூட்டைத் திறந்துவிட்டாள். பனிமூட்டம் லயத்துக் கூரையில் உட்கார்ந்திருந்தது. இறைத்த அரிசியை நாலும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்றன் பின் ஒன்றாகத் தண்ணீர் ஓடும் கானைத் தாண்டி, இடிந்த கக்கூசுக்குப் பின்னால், பேரிக்காய் மரத்தடிக்குப் போயின.

சுற்றிலும் முழங்கால் உயரப் புல். நடுவில் ஒரு முழ நீளத்துக்கு மட்டும் புல்லில்லை. கன்னங்கரேல் என்று தேயிலைத் தூள். அடியில் மக்கியது, மேலே புதிது. யாரோ விடாமல் கொட்டி வந்திருக்கிறார்கள். கோழிகள் சத்தமே இல்லாமல் கிளறிக்கொண்டிருந்தன. "சூ" என்றாள். ஒன்றும் அசையவில்லை. ஒரு பெட்டை, கிளறிய குழிக்குள்ளிருந்து எதையோ கொத்தி இழுத்தது. நூல் நூலாக நைந்த சிவப்புக் கட்டம்போட்ட துணி.

போன வருசம் பிரசவத்துக்குப் போகையில், பிள்ளையைச் சுற்றுவதற்கென்று கைலியில் அவளே கிழித்து எடுத்துப்போன துண்டு. செத்துப் பிறந்ததை அதில் சுற்றித்தான் திலக்ஷனிடம் கொடுத்தார்கள்.

பகல் சாப்பாட்டுக்கு வந்தவன் வீட்டில் அவளைக் காணாமல் நேரே அங்கேதான் வந்தான்.

"மயானத்துல பொதச்சேன்னு சொன்னீங்க."

"அன்னைக்கு மழ கிருஷா. பாலம் தண்ணிக்குள்ள. பிள்ளைய வச்சுக் குடுத்த அட்டப்பெட்டி நனஞ்சு பிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. என்ன பண்ணச் சொல்ற?" அவன் குழியோரத்தில் குந்தினான். "நாய் மோப்பம் புடிக்கும்னு ஃபேக்டரியில கூட்டுன தூள அள்ளிட்டு வந்து மேல போட்டேன். ஒரு தடவ போட்டா போதும்னுதான் நெனச்சேன். ஒவ்வொரு வாரமும் கை தானா அள்ளுது."

"ஒரு மாசமா நான் முட்டை தின்னுருக்கேன்."

"தூள்தானே கிருஷா, வெறும் தூள்."

"தோண்டுங்க. இன்னைக்கே மயானத்துக்குக் கொண்டு போயிருங்க. இந்தப் பிள்ளையாச்சும் எனக்கு வேணும்."

அவன் மண்வெட்டி கொண்டுவந்து முழங்கால் ஆழம் வெட்டினான். தூளும் ஈர மண்ணும் துணி நூலும் வந்தன. வேறொன்றும் வரவில்லை.

"பச்ச எலும்பு. மண்ணோட மண்ணாப் போயிருக்கும்," என்றான்.

கிருஷாந்தி கோழிகளைப் பார்த்தாள். குழி விளிம்பில் நின்ற நாலும், கழுத்தைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தன.

"எல்லாத்தையும் சாக்குல அள்ளுங்க. ஒரு பிடி மிச்சம் வைக்காதீங்க."

அவன் சாக்கைத் தோளில் ஏற்றி மயானத்துக் குறுக்குப் பாதையில் இறங்கினான். கோழிகள் வரிசை பிடித்து அவன் பின்னால் நடந்தன. சாக்கில் ஓட்டை இருந்து தூள் சிந்தியிருக்கலாம். பனிக்குள் முதலில் அவன் மறைந்தான், பிறகு ஒவ்வொரு கோழியாக மறைந்தது.

"ஏ புள்ள, ஒங்கோழி போகுது, கூப்புடு!" என்று லயத்திலிருந்து லெட்சுமி கத்தினாள்.

கிருஷாந்தி வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நின்றாள். கூப்பிடவில்லை.