ஒரு தடவை ஓடும் கேசட்

கணவரின் குரல் மறந்துபோய்விட்டது என்று அவளுக்குத் தெரியவந்தது இஸ்திரி மெஷினுக்கு முன்னால் நிற்கும்போதுதான்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு உருளை மெஷினில் வேலை. ஈர விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் அட்டை மாதிரி விறைத்து வந்து விழும். கை தன்பாட்டுக்குச் செய்துகொண்டிருக்க, மனசு எங்கெங்கோ மேயும். அன்றைக்கு அது அவரிடம் போய் நின்றது. 'டீ ஆறுது', 'சாவிய எங்க வச்சே', 'பாப்பாவுக்கு என் மூக்கு' என்று அவர் சொன்னதெல்லாம் வந்தன. சொன்ன குரல் வரவில்லை. தாளில் எழுதி வைத்ததைப் படிப்பதுபோல வெறும் வார்த்தை. பல் விழுந்த இடத்தை நாக்கு போய்ப் போய்த் தடவுமே, அப்படித் தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. விரிப்பு மடிந்து உருளைக்குள் சுருண்டதும், மேற்பார்வையாளர் கத்தியதும் அப்புறம்தான் காதில் விழுந்தன.

லாரிப் பட்டறையில் ஜாக்கி நழுவி அவர் போனபோது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது அவள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். அப்பாவின் முகத்துக்காவது ஒரு படம் இருக்கிறது, குரலுக்கு என்ன இருக்கிறது? இதை நினைத்து நினைத்துத்தான் பரண்மேல் இருந்த பிஸ்கட் டின் ஞாபகம் வந்தது.

டின் நிறைய கேசட்டுகள். பாட்டுக் கேசட் அல்ல. குப்பைக்குப் போக இருந்த வீட்டில் வைத்துக்கொள்ளும் ஒரு பழைய கம்ப்யூட்டரை அவர் பட்டறையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து, பிரித்துப்போட்டுப் பிழைக்கவைத்திருந்தார். கீபோர்டுக்குள்ளேயே மூளை இருக்கும் மெஷின். டிவியில் மாட்டினால் எழுத்து வரும். எழுதிய புரோகிராமைக் கேசட்டில்தான் பதிய வேண்டும். பதியும்போதும் திரும்ப ஏற்றும்போதும் அது 'கீ...' என்று காது கிழியக் கத்தும். ஒரே கேசட்டில் பல புரோகிராம்கள் இருப்பதால், எது எங்கே என்று தெரிய அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் வயரைப் பிடுங்கிவிட்டு, டேப்ரெக்கார்டரின் மைக்கிடம் குனிந்து பெயரைச் சொல்லுவார். சொல்லிவிட்டு வயரைச் செருகுவார். அந்தக் குனிந்த முதுகு அவள் கண்ணில் நின்றது. அதில் அவர் பேசியிருக்கிறார்.

டேப்ரெக்கார்டர் என்றைக்கோ பழைய சாமான்காரனோடு போய்விட்டது. ஒரு கேசட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் வாசலில் நின்றிருந்தபோது பக்கத்து வீட்டு பஸ் கண்டக்டர் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். கம்ப்யூட்டர் கேசட் என்றாள். வாயை மூடத் தெரியாத மனுஷர்.

"அக்கா! இத வச்சுக்கிட்டா சும்மா நிக்கிறீங்க? மூக்குக் கண்ணாடிக்கடைக்காரர்கிட்ட குடுங்க, தூக்கி மடியில வச்சுக்குவாரு. கடை லீவு அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் இந்தப் பழைய கம்ப்யூட்டர் பொட்டிங்களோடதான் குடும்பம் நடத்துறோம்."

கண்ணாடிக்கடைக்காரரை அவளுக்குத் தெரியும். கணவரோடு சேர்ந்து இந்தப் பைத்தியம் பிடித்தவர். துக்கத்துக்கு வந்து ஒரு ஓரமாக நின்றுவிட்டுப் போனவர்தான், பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை.

கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேசை. அதன்மேல் அதே மாதிரி கம்ப்யூட்டர், பளபளவென்று. கண்டக்டரும் கூட வந்திருந்தார். டின்னைத் திறந்ததும் கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணி, இதெல்லாம் போயிருக்கும்னு நெனச்சேன். அவர் எழுதின கணக்கு விளையாட்டு இதுலதானே இருக்கு? என்கிட்டகூட இல்ல."

"எனக்கு அதக் கேக்கணும்" என்றாள் அவள்.

குரலைக் கேட்க வேண்டும் என்று சொல்ல நாக்கு எழவில்லை. இரண்டு ஆண்களுக்கு நடுவே நின்றுகொண்டு, இந்த வயதில், புருஷன் குரல் வேண்டும் என்று எப்படிக் கேட்பது? கேசட்டை ஓட்டினால் அவர் பேசப்போகிறார், அப்போது தானாகக் கேட்டுவிட்டுப் போகிறோம் என்று இருந்துவிட்டாள்.

கடைக்காரர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாதிக்குமேல் பூஞ்சை. நாடா ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை சில. ஒரே ஒரு கேசட்தான் தேறும் என்றார். அதற்கும், சத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும் மேற்பூச்சு பொருக்காக நிற்கிறது.

"ஒரு தடவைதான் ஓடும் அண்ணி. ஓட ஓடவே உதிர்ந்துடும். ஆனா நீங்க கவலப்படாதீங்க, ஒரு தடவ போதும்." பிஸ்கட் அளவு ஒரு பச்சை போர்டைக் கையில் வைத்துக் காட்டினார். "இது நான் செஞ்சது. போன மாசம்தான் முடிஞ்சுது. கேசட்ல இருக்கறத இது நேரா மெமரி கார்டுல ஏத்திடும். அதுக்கு ஒரு சாஃப்ட்வேரும் எழுதியிருக்கேன், குப்பைய வெட்டிட்டு புரோகிராம மட்டும் எடுக்கும். அப்புறம் கண் சிமிட்டற நேரத்துல லோடு ஆகும். அந்தக் கத்தல் தொல்லையே கெடையாது."

"உயிரோட இருக்கறவங்களுக்கு ரத்தம் ஏத்தவே ஆள் இல்ல, இவரு செத்த மெஷினுக்கு ஏத்துறாரு" என்றார் கண்டக்டர். "இதுல வெளிநாட்டுல எவனெவனோ இந்தப் பொட்டிக்குப் புதுசா விளையாட்டு எழுதி அனுப்புறான் அக்கா. இவரு அத வெளையாடித் தோத்துட்டு என்கிட்ட எரிஞ்சு விழறாரு."

"டிக்கெட் கிழிக்கிற வேலையப் பாருய்யா."

கண்ணாடிக்கடைக்காரர் கேசட்டை மெல்ல வைத்துப் பொத்தானை அமுக்கினார். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள்.

நாடா சுற்றியது. போர்டில் ஒரு சின்ன விளக்கு துடித்தது. கீழே விரித்திருந்த வெள்ளைத் தாளில் பழுப்புத் தூள் கொட்டத் தொடங்கியது. சத்தம் ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சத்தில் வரும் என்று அவள் காத்திருந்தாள். இரண்டு ஆண்களும் மூச்சை அடக்கிக்கொண்டு விளக்கையே பார்ப்பதைக் கண்டு, நடுவில் பேசினால் கெட்டுவிடுமோ என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. நாடா ஓடி முடிந்து 'டக்' என்று நின்றது.

அவர் கார்டைச் செருகினார். டிவியில் வண்ண எழுத்தில் ஒரு வாத்து வந்தது, இரண்டு வாத்து வந்தது. கூட்டினால் எத்தனை என்று கேட்டது.

"வந்துடுச்சுய்யா!" என்று கண்டக்டர் கை தட்டினார். கண்ணாடிக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு எழுத்து விடல அண்ணி. அப்படியே இருக்கு."

அவள் வாத்துகளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அவர் பேசறது எப்ப வரும்?"

"பேசறதா?"

"ஒவ்வொண்ணுக்கும் முன்னால பேர் சொல்லுவாரே. அதுக்குத்தான் வந்தேன்."

கண்ணாடிக்கடைக்காரருடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. ஓடிப்போய்க் கேசட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நாடா கண்ணாடித் தாள்போல அந்தப் பக்கம் தெரிந்தது. தாளில் கிடந்த தூள், ஒரு தேக்கரண்டி இருக்குமோ என்னவோ, அவர் மூச்சுப் பட்டுக் கலைந்தது.

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா அண்ணி?" என்றவர், உடனே, "இல்ல, நான் கேட்டிருக்கணும். ஸ்பீக்கராவது மாட்டியிருக்கணும். எனக்குப் புத்தி புரோகிராம்லயே இருந்துடுச்சு" என்றார்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கண்டக்டர்தான் கேட்டார். "வெட்டின குப்பைய எங்கய்யா போட்டே?"

அவர் நிமிர்ந்தார். வெட்டியதை உடனே அழிக்காமல் தனியாக ஒதுக்கி வைக்கும்படி எழுதியிருந்தது அப்போதுதான் நினைவு வந்தது. தேடி எடுத்தார். எடுத்த பிறகும் ஓட்டாமல் தயங்கினார்.

"இருக்கு. ஆனா அண்ணி, இந்த போர்டு புரோகிராமுக்குன்னு செஞ்சது. சத்தம் மேல போனா ஒண்ணு, கீழ போனா சைபர். எவ்வளவு மேல, எவ்வளவு கீழன்னு பாக்காது. குழைவு, கனம் எதையும் எடுத்து வைக்கல. வார்த்தை புரியலாம். குரல்னு சொல்ல முடியாது."

"போடுங்க."

ஸ்பீக்கர் கரகரத்தது. தகரத்தை ஆணியால் கீறுவதுபோல ஒன்று பேசியது.

"பாப்பா கணக்கு. ஒண்ணு."

அதே தகரம், அதே ஆணி, கொஞ்சம் தள்ளி: "ஏங்க, அந்தக் கத்துற பொட்டிய அணைக்கிறீங்களா இல்லையா? பாப்பா இப்பத்தான் கண்ணசந்தா!"

"ஷ்... பதியுது."

"பதியட்டும்! நல்லாப் பதியட்டும்! புருஷன் லட்சணம் ஊருக்கே தெரியட்டும்!"

பிறகு கடகடவென்று ஒரு சத்தம். சிரிப்பாக இருக்கலாம்.

"ரெண்டு பேரா பேசறாங்க?" என்றார் கண்டக்டர், குரலைத் தாழ்த்தி. "வித்தியாசமே தெரியலயேக்கா."

"நான் திட்டறேன்" என்றாள் அவள். "அவர் பதியறார்."

மறுபடி போடச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தன் முறை வந்தபோது தன்னையறியாமல் உதடு அசைந்தது. 'ஏங்க' என்பதைத் தொண்டையிலிருந்து எடுத்து அந்தக் கரகரப்பின்மேல் வைக்க அவளால் முடிந்தது. அவர் முறை வந்தபோது வைப்பதற்கு ஒன்றும் இல்லை. வார்த்தைகள் அவளிடம் ஏற்கெனவே இருந்தவை. மெஷின் அதையேதான் திருப்பித் தந்தது.

மூன்றாவது முறை ஓடும்போது சட்டென்று கையை உயர்த்தினாள்.

"அத மட்டும் போடுங்க. அந்த 'ஷ்'."

கண்ணாடிக்கடைக்காரர் அந்த இடத்தை மட்டும் பிரித்தெடுத்து ஓட்டினார். வார்த்தை இல்லை, குழைவு இல்லை, வெறும் காற்று. போர்டு எடுத்து வைக்காமல் விட்டுவிட அதில் எதுவும் இருந்திருக்காது. தூங்கும் பிள்ளைக்காகவும் கோபத்திலிருக்கும் பெண்டாட்டிக்காகவும் பல்லிடுக்கில் விட்ட மூச்சு. அவருடைய முன்பல்லின் சந்தில் அது கடைசியில் கொஞ்சம் விசிலடிக்கும். விசிலடித்தது.

அவள் பிடரி சிலிர்த்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தரம்" என்றாள்.

கடைக்காரர் ஓட்டினார். யாரும் கேட்காமலே மறுபடியும் ஓட்டினார். கண்டக்டர் வெளியே போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். டிவியில் வாத்துகள் விடைக்காகக் காத்திருந்தன. உள்ளே ஸ்பீக்கரில் அவள் கணவர் அவளை வாயை மூடச் சொல்லிக்கொண்டேயிருந்தார், அவளும் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டேயிருந்தாள்.