வக்கீலின் காலில் பட்ட கத்தி

வாத்தியாருக்கு இடது கன்னத்தை முடித்துவிட்டு, வலது கன்னத்தில் நுரை தடவிக்கொண்டிருக்கும்போதுதான் சலூன்காரர் ரத்தத்தைப் பார்த்தார். வாத்தியாரின் மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியில் மூன்று சிவப்புப் பொட்டுகள். அவர் பார்த்துக்கொண்டே இருக்க, நாலாவது விழுந்தது.

ஆளின் கழுத்தை அறுத்துவிட்டோம் என்றே நினைத்தார். பிரஷ் நழுவிக் கீழே விழுந்தது. முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு பருவைக்கூட அவர் கத்தி கீறியதில்லை. வாத்தியார் கண்ணை மூடியபடி, பரீட்சையில் காப்பியடித்து மாட்டியவனின் கதையைச் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அறுபட்ட ஆள் இப்படிக் கதை சொல்ல மாட்டார் என்பதுகூட இவருக்கு உறைக்கவில்லை.

அப்புறம்தான் தன் தோளில் ஏதோ ஈரமாக இருப்பது தெரிந்தது. திரும்பினால் வக்கீல். தோளில் ஒற்றைக் காலில் நின்றது. மடக்கிய இன்னொரு காலிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

வக்கீல், சலூன்காரர் வீட்டுக் கிளி. எதைச் சொன்னாலும் எதிர்த்துக் கத்துவதால் கடைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர். பகலெல்லாம் கடையில்தான் இருக்கும். சீப்பைத் திருடத் தட்டில் இறங்குவதும், திட்டினால் அவர் தோளுக்குத் தாவுவதும் அதன் வாடிக்கை. அன்றும் அப்படித்தான் இறங்கியிருக்கிறது. தட்டில் சவரக் கத்தி மடக்காமல் கிடந்தது. பிளேடு ஓரத்தில் சிவப்பு.

பக்கத்து நாற்காலியில் முடி வெட்டும் மச்சான், சலூன்காரரின் மனைவிக்குத் தம்பி, மாடிப்படியில் நின்று அக்காவைக் கூப்பிட்டார். அந்த அம்மா வருவதற்குள் சலூன்காரர் படிகாரக் கட்டியைக் கையில் எடுத்திருந்தார். எடுத்த அவசரத்தில் கட்டி இரண்டு முறை கீழே விழுந்தது. கத்திக் காயத்துக்கு அவருக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான்.

"அதை வைங்க. நகம் ஒடைஞ்சா வேணா போடலாம், சதைக்குப் போட்டா துடிச்சிடும்" என்றாள் மனைவி.

போன வருஷம் கிளியின் நகம் ஒடிந்தபோது கால்நடை மருத்துவர் சொல்லிக்கொடுத்ததை அவள் மறக்கவில்லை. முதலில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள், கதவைச் சாத்தச் சொன்னாள், பேச்சை நிறுத்தச் சொன்னாள். துவைத்த துண்டு ஒன்றை மேலே போட்டுக் கிளியைப் பொதிந்து எடுத்தாள். நெஞ்சை மட்டும் யாரும் அழுத்தக் கூடாது, நெஞ்சு அசைந்தால்தான் அதற்கு மூச்சு என்றாள். காயத்தில் சுத்தமான துணியை மடித்து வைத்து விரலால் அழுத்திப் பிடித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று நிமிஷம். நடுவில் ஒரு தரம்கூடத் துணியைத் தூக்கிப் பார்க்கவில்லை. வாயாடிக் கிளி அவள் கைக்குள் சத்தமே இல்லாமல் கண்ணை மூடி மூடித் திறந்தது. அந்த அமைதிதான் சலூன்காரரை இன்னும் கலக்கியது. போய்விடுமோ என்று கேட்டார். பேசாமல் இருங்கள் என்றாள்.

ரத்தம் நின்றது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் துடைத்துப் பார்த்தால், விரலடியில் அரிசி நீளத்துக்கு ஒரு கீறல். அவ்வளவுதான். மச்சான் களிம்பு எடுத்து வந்தார். மனுஷக் களிம்பு வேண்டாம், கிளி நக்கினால் உள்ளே போய்விடும் என்று திருப்பி அனுப்பினாள். அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, துண்டு விரித்து, கிளியை உள்ளே விட்டாள். மருத்துவரிடம் போக ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்று.

பயம் இறங்கியதும் சலூன்காரருக்குக் கோபம் ஏறியது. கத்தியைத் திறந்து போட்டது யார் என்று மச்சானைப் பார்த்துக் கேட்டார். இரண்டு பேர் புழங்கும் தட்டில் கவனம் வேண்டாமா, கிளிக்குப் பதிலாக ஒரு ஆள் கை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுக்கொண்டே போனார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு தரையில் கிடந்த முடியைக் கூட்டினார்.

பாதி முகத்தில் நுரை காய்ந்துபோய் உட்கார்ந்திருந்த வாத்தியார்தான் வாயைத் திறந்தார். "நீங்கதான் வச்சீங்க. போன வாரமும் அப்படித்தான் வச்சீங்க, நான் மடக்கி வச்சேன்."

சலூன்காரர் சிரிக்கப் பார்த்தார். மச்சான் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"ரெண்டு மாசமா நான்தான் மடக்கி வைக்கிறேன் அத்தான்," என்றார் மச்சான். "இன்னைக்கு எனக்கு ஆள் இருந்துச்சு. கவனிக்கல."

சலூன்காரர் சுவரோரம் இருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்தார். கத்தியை எப்போது கீழே வைத்தோம் என்று யோசித்தார். நுரை ஞாபகம் இருந்தது, வாத்தியாரின் கதை ஞாபகம் இருந்தது. கத்தியை வைத்தது மட்டும் இல்லை. அந்த இடத்தில் மனசுக்குள் வெறுமையாக இருந்தது. மனைவி தம்பியைப் பார்த்து, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று மெதுவாகக் கேட்டாள். அத்தான் மனசு கஷ்டப்படுமே என்றுதான் என்றார் அவர்.

மருத்துவர் வக்கீலுக்குத் தையல் தேவையில்லை என்றார். கூண்டின் அடியில் தினமும் புதுக் காகிதம் விரிக்க வேண்டும், ஐந்து நாள் கடைக்குக் கொண்டுபோகக் கூடாது, காயம் வீங்கினால் உடனே வர வேண்டும். மூன்றாம் நாளே அது கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டு வழக்கம்போல் வழக்காட ஆரம்பித்தது.

அதே வாரம் மனைவி சலூன்காரரையும் ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போனாள். ரத்தப் பரிசோதனையில் ஒரு வைட்டமின் அடிமட்டத்தில் இருந்தது. மறதிக்கு இதுவும் காரணமாக இருக்கலாம், ஊசி போட்டு மூன்று மாதம் பார்ப்போம், அதற்குமேல் இப்போது எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் அந்த டாக்டர்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் சலூன்காரர் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார்.

"மூணு மாசம் முடி மட்டும் வெட்டுறேன்," என்றார். "சவரம் எல்லாம் உன் தம்பி பாக்கட்டும்."

"அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க," என்றாள் மனைவி. "அன்னைக்கு அவனைத் திட்டினதுக்கும் சேர்த்து."

சரி என்று எழுந்தார். எழுந்தவர் மருந்துச் சீட்டை பெஞ்சிலேயே விட்டிருந்தார். அவள் அதை எடுத்து அவர் சட்டைப் பையில் வைத்தாள்.