காக்ஸ் டவுன் முகவரி

வாந்திபேதியோடு அன்று காலை வந்தவர்களில் நான்காமவர் ரத்தினம்மாள். அவருக்குச் சலைன் ஏற்றச் சொல்லிவிட்டு, அவசரப் பிரிவு மருத்துவர் தர்ஷினி அக்கம்பக்கத்து மருத்துவமனைகள் இரண்டுக்கும் தொலைபேசியில் பேசினார். அங்கும் அதே நோய்; அதே முகவரி, காக்ஸ் டவுன். விதிப்படி இச்செய்தி சனிக்கிழமை வார அறிக்கையில் போக வேண்டும். அன்று செவ்வாய். தர்ஷினி மாநகராட்சிச் சுகாதார அதிகாரி ஜெயராமனை நேரடியாக அழைத்தார்.

“சனிக்கிழமைக்கு முன்னாடி ஆஸ்பத்திரியிலேருந்து போன் வர்றது இதான் முதல் தடவை,” என்றார் அவர். “தண்ணியில சாக்கடை கலந்திருக்கும். இன்னிக்கு தண்ணி விடுற நாள். காக்ஸ் டவுன் வால்வைத் திறக்க வேணாம்னு சொல்லிடறேன். பக்கத்து ஜீவனஹள்ளி லைன் வேற, அதுக்கு விடலாம்.”

தர்ஷினி ரிசீவரை வைத்தபோது ரத்தினம்மாளின் மகள் வீணா கிளம்பிக்கொண்டிருந்தாள். “தண்ணி வர்ற நேரம்மா. வரிசையில குடம் வெக்கணும்.”

காக்ஸ் டவுனில் வீட்டுக்குள்ளேயே குழாய் உண்டு; வீட்டுக்குள் குழாய் உள்ளவர்கள் தெருக்குழாயில், அங்கத்துப் பேச்சில் நல்லியில், வரிசையாகக் குடம் வைப்பதில்லை.

“எந்த நல்லியில புடிப்பீங்க?” என்றார் தர்ஷினி.

“முனீஸ்வரன் கோயில் நல்லி.”

“அது ஜீவனஹள்ளி இல்ல?”

ரத்தினம்மாள் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “எங்க பக்கம் எல்லாரும் காக்ஸ் டவுன்னுதான் சொல்றது, டாக்டரம்மா. அப்பதான் மதிப்பு. பொண்ணு பாக்க வர்றவங்களுக்கும் அதான் அட்ரஸ்.”

“நான் பொண்ணு பாக்கவா வந்தேன்?”

மூடவிருந்தது நல்ல குழாயை, திறக்கவிருந்தது நோயை. தர்ஷினி இரு மருத்துவமனைகளையும் மீண்டும் அழைத்தார். முகவரியை விடுங்கள், எந்தக் குழாய் என்று கேளுங்கள் என்றார். படுக்கை படுக்கையாகக் கேட்டுச் சொன்னார்கள். எல்லாம் ஜீவனஹள்ளிக் குழாய்கள். ஒருவர் மட்டும் மெய்யாகவே காக்ஸ் டவுன். அவரும் ஜீவனஹள்ளி மாமியார் வீட்டில் விருந்துண்டவர்.

தர்ஷினி உடனே ஜெயராமனை அழைத்துச் சொன்னார். அவர் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே வயர்லெஸ்ஸில் வால்வு ஊழியரை அழைப்பது தர்ஷினிக்குக் கேட்டது.

“எத்திராஜ், ஜீவனஹள்ளியைத் திறந்துட்டியா?”

“சாவியைப் போட்டுட்டேன் சார்.”

“போட்ட சாவியைத் திருப்பாதே. எடுத்துட்டு காக்ஸ் டவுனுக்குப் போ.”

அன்று மாலை ஜீவனஹள்ளிக்கு லாரியில் தண்ணீர் வந்தது. மறுநாள் சாக்கடையோரம் விரிசலுற்ற குழாய் அகப்பட்டது. வார இறுதிக்குள் புதிய நோயாளிகள் வருவது நின்றது. வந்தவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. மூன்று மருத்துவமனைகளும் நாள்தோறும் காலையில் சுகாதார அலுவலகத்துடன் பேச வேண்டும் என்று ஜெயராமன் ஆணை பிறப்பித்தார். சனிக்கிழமை அறிக்கையும் உரிய நாளில் போய்ச் சேர்ந்தது. அதில் எவருக்கும் தெரியாத செய்தி ஒன்றுமில்லை.

வீடு திரும்பும்போது ரத்தினம்மாள் தயங்கினார். “அட்ரஸ் காக்ஸ் டவுன்னே இருக்கட்டுமா, டாக்டரம்மா?”

“இருக்கட்டும். நல்லியை மட்டும் மாத்திச் சொல்லாதீங்க.”