அமரர் துலுக்கானம் நிறுத்தம்

திருமுல்லைவாயிலில் பிளாட் வாங்கிக் குடியேறிப் பதினோரு வருடமாகிறது. இன்னும் நாங்கள் இங்கே 'பிளாட்டுக்காரங்க'தான். பழைய ஊர்க்காரர்கள் கல்யாணப் பத்திரிகை வைப்பார்கள், வாய் நிறையப் பேசுவார்கள். ஆனால் 'எங்க ஊர்ல' என்று ஆரம்பிக்கும்போது என்னை அதில் சேர்க்க மாட்டார்கள். சங்கரன்கோவிலில் பிறந்தவள் நான். இது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால்தான் பஸ் நிறுத்தத்துக்குப் பெயர்ப் பலகை வைக்கும் பேச்சு வந்தபோது முந்திக்கொண்டேன். எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் பாதிப் பேர் குடியிருப்பின் பெயரிலேயே 'கிரீன் மெடோஸ் நிறுத்தம்' என்று வைக்கச் சொன்னார்கள். மெடோவும் இல்லை, கிரீனும் இல்லை, எதிரே டயர் கடைதான் இருக்கிறது என்று சண்டை போட்டேன். ஷேர் ஆட்டோக்காரர்கள் அதைத் 'துலுக்கானம் ஸ்டாப்' என்றுதான் கூவுகிறார்கள். அந்தப் பெயரே இருக்கட்டும் என்று அடம்பிடித்து ஜெயித்தும்விட்டேன்.

துலுக்கானம் யார் என்று ஆட்டோ ஓட்டும் லோகேஷிடம் விசாரித்தேன். பூந்தமல்லி மார்க்கெட்டுக்குக் கீரை கொண்டுபோனவராம். திரும்பும்போது இந்த இடத்தில் பஸ் நிற்காதாம். அவர் காலிக் கூடையை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு, கூடை விழுந்துவிட்டது என்று சத்தம் போட்டு நிறுத்துவாராம். தினமும் இதே கூத்து. கடைசியில் கண்டக்டர்கள் சலித்துப்போய், கூடை பறக்கும் முன்பே விசில் கொடுக்க ஆரம்பித்தார்களாம். இதைவிட நல்ல வரலாறு எந்த ஊருக்கு வாய்க்கும்?

இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டேன்.

"அவரு போயி அஞ்சு வருசமாச்சுக்கா" என்றார் லோகேஷ், சவாரி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே.

மனசு கனத்துப்போனது. அன்றே பலகைக்குச் சொல்லிவிட்டேன். திறக்கும் அன்று பார்த்து அசரட்டும் என்று, அதில் என்ன எழுதச் சொன்னேன் என்பதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஊரே கூடியிருந்தது. துணியை விலக்கியதும் நீல எழுத்து பளிச்சென்று தெரிந்தது: 'அமரர் துலுக்கானம் நிறுத்தம்.' யாரும் கை தட்டவில்லை. கூட்டத்தின் நடுவே புது வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

லோகேஷ் ஓடிவந்து என் காதைக் கடித்தார்.

"இன்னாக்கா இப்டி பண்ணிட்ட? போயிட்டாருன்னா ஆவடிக்குக்கா. மவன் ஊட்டுக்கு. தோ, புது வேட்டில நிக்கிறாரே, அவருதான்."

துலுக்கானத்தின் அக்கா மகன் நாகேந்திரன், உயிரோடு இருக்கிறவருக்கு அமரர் போட்டது எவன் வேலை என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு கேட்டார். அவ்வளவுதான், பலகையைக் கழற்றி வீசுவார்கள், கிரீன் மெடோஸ் வந்து உட்காரும், ஊர்க்காரர்கள் இனி என் முகத்திலேயே முழிக்க மாட்டார்கள். முன்னால் போய், நான்தான் என்றேன்.

துலுக்கானம் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"உடு நாகேந்திரா. வெளியாளா சாவடிச்சான்? நம்ம ஊரு பொண்ணுதான சாவடிச்சுது."

எல்லாரும் சிரித்தார்கள். 'அமரர்' மேல் பூச யாரோ பெயிண்ட் தேடிப் போனார்கள். நான் மட்டும் நின்ற இடத்திலேயே அழுதுகொண்டிருந்தேன். பயந்துபோய் அழுகிறேன் என்று நினைத்து, நாகேந்திரனே ஒரு சோடா வாங்கி வந்து கொடுத்தார்.