பறந்துபோன ஈ

சங்கு அலறியது. சாப்பாட்டு நேரத்துச் சங்கு இல்லை. விட்டு விட்டு, மூச்சுத் திணறுகிறவனைப்போல் அலறியது. அச்சகத்தில் ஒருத்தியைத் தவிர எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள்.

"சாயப்பட்டறைப் பக்கம்தான் புகை வருது. உங்க வீட்டுக்காரர் அங்கதானேம்மா?" என்றார் பைண்டர்.

பிழை திருத்துகிறவள் புரூஃபிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "அவருக்கு ஒண்ணும் இருக்காதுண்ணே. இப்பத்தான் மெசேஜ் போட்டார்."

செல்போனைக் காட்டினாள். 'டையிங்' என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்.

அவர்களுக்குள் அது பழைய வேடிக்கை. சாயம் போடுவதும் டையிங், சாவதும் டையிங். சொல்லும்போது ஒன்றுதான், எழுதும்போது நடுவில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் சாயம், இல்லாவிட்டால் சாவு. வேலையில் இருக்கிறேன் என்பதற்கு அவர் அனுப்பும் சொல் அது. கல்யாணமான புதிதில் ஈயை விட்டுவிட்டு அனுப்பி அவளைப் பயமுறுத்திவிட்டார். அப்புறம் அவள் சும்மா விடுவாளா? ஈ விட்டுப்போனால் கிண்டல்தான். இன்றைக்கும் கைவேலைக்கு நடுவே பதில் போட்டிருந்தாள்: 'ஈ எங்கே பறந்து போச்சு?'

"மனுஷன் மறுபடியும் கோட்டை விட்டுட்டார்" என்று சிரித்துக்கொண்டே பழைய செய்திகளைத் தள்ளிப் பார்த்தாள். நேற்று ஈ இருந்தது. முந்தாநாளும். அதற்கும் முன்னால் விரலால் தள்ளத் தள்ள, எல்லாவற்றிலும் இருந்தது.

சிவப்புப் பேனா மேஜையிலிருந்து உருண்டு விழுந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

பட்டறையில் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள்; அதன் வாசலில் நெட்டை நின்றிருந்தான். கணவரோடு ஒரே தொட்டியில் வேலை செய்கிறவன். முழங்கை வரை நீலம். அவளைக் கண்டதும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அதற்குமேல் அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கெமிக்கல் ரூம்ல குழாய் வெடிச்சிருச்சு, அண்ணி. உள்ள மாட்டிக்கிட்டார். கதவை உடைச்சு இழுத்துட்டுத்தான் வந்தோம். வண்டியிலேயே..."

அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. இல்லை என்று அவன் சொல்லிவிட மாட்டானா என்று அவன் வாயையே பார்த்தாள்.

"தம்பி, நான் போட்ட மெசேஜ்... அதை அவர் பார்க்கலைதானே?"

"அவரால கண்ணைத் திறக்க முடியலை, அண்ணி. 'அவ பதில் போட்டிருக்காளா'ன்னு கேட்டார். நான்தான் படிச்சுச் சொன்னேன்."

"ஐயோ! உயிர் போற நேரத்துல கேலி பண்ணியிருக்கேனே! என்ன சொன்னார்?"

நெட்டை கண்ணைத் துடைத்தான். கன்னமெல்லாம் நீலம்.

"சிரிச்சார், அண்ணி. 'இந்தத் தடவை எழுத்துப்பிழை இல்லைன்னு அவகிட்ட சொல்லுடா'ன்னார்."