இரண்டாவது வரி

அரியமங்கலம் தொழிற்பேட்டையில் பூவரசன் நடத்திவந்த மென்பொருள் நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய நிரல் தவறு செய்கிறதோ அவர் எழுந்து நிற்க வேண்டும். அது சரியாகும்வரை உட்காரக் கூடாது. வெளிநாட்டுக் கம்பெனிகளிலும் நின்றுகொண்டுதான் கூட்டம் போடுகிறார்கள் என்று பூவரசன் இதற்கு நியாயம் சொல்வார். அங்கே எல்லாரும் நிற்கிறார்கள், இங்கே ஒருவர்தான் நிற்கிறார் என்று அவரிடம் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் வந்துபோகும் பிரஹலாத், நாற்பது வயதுக்குமேல் நிரல் எழுதக் கற்றவர். உறையூர் அனுசுயா கல்லூரி முடித்து நேராக வந்தவள். இருவருமே தகுதிகாண் பருவத்தில் இருந்தார்கள். ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவேன், மற்றவர் போகவேண்டியதுதான் என்று பூவரசன் இருவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். இதை விட்டால் தம்மை வேறு எவரும் சேர்த்துக்கொள்ளப் போவதில்லை என்பதைப் பிரஹலாத் நன்றாக அறிந்திருந்தார்.

அவர்கள் எழுதிய நிரல், பட்டறை உலைகளைக் கண்காணிப்பது. வெப்ப வரம்புகளை ஒரு ஃபைலிலிருந்து படிக்கும். ஒவ்வோர் உலையிடமிருந்தும் வலையமைப்பு வழியாகச் செய்தி வாங்கும். அபாயம் என்று செய்தி வந்தால் அலுவலக மணியை அடிக்கும். ஒவ்வோர் இணைப்பின் முன்னாலும் தனித்தனியே காத்துக் கிடந்தால், பேசாத ஓர் உலை மற்ற அனைத்தையும் முடக்கிவிடும். ஆகையால் நிரல் எல்லா இணைப்புகளையும் ஒருசேரக் கணினியின் இயங்குதளத்திடம் ஒப்படைத்து, எதில் செய்தி வந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்கும். இப்படிக் கேட்கும் பகுதி பிரஹலாதுடையது. செய்தி வந்த இணைப்பிலிருந்து ஒரு வரியை எடுத்துக் கொடுக்கும் பகுதி அனுசுயாவுடையது.

வாடிக்கையாளர் முன்னிலையில் நடக்கவிருந்த சோதனைக்கு முந்தின நாள் பிற்பகலில் பிரஹலாத் ஒரு பிழையைக் கண்டார். ஓர் உலை இரண்டு வரிகளைச் சேர்த்து அனுப்பினால், அனுசுயாவின் பகுதி இரண்டையும் உள்ளே இழுத்துக்கொண்டு முதல் வரியை மட்டும் கொடுத்தது. இரண்டாவது வரி நிரலின் பஃபர் என்னும் தற்காலிகச் சேமிப்புக்குள்ளேயே தங்கிவிட்டது. இயங்குதளத்தைப் பொறுத்தவரை அந்த இணைப்பு காலி. எனவே அது எதுவும் வரவில்லை என்றே சொல்லும். அதே உலை மறுபடி பேசினால்தான் தங்கிய வரி வெளியே வரும். திருத்தம் எளியது: இயங்குதளத்தைக் கேட்பதற்கு முன் பஃபரைக் காலிசெய்ய வேண்டும். அதை அவர் பகுதியிலும் எழுதலாம், அவள் பகுதியிலும் எழுதலாம்.

பக்கத்து இருக்கையில் அனுசுயா செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதங்களைத் தூக்கி வைத்திருந்தாள். வேலை நிரந்தரமானால் சமயபுரத்துக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டவள், பொறுக்கமாட்டாமல் முன்கூட்டியே நடந்துவிட்டு வந்திருந்தாள். உள்ளங்கால் முழுதும் கொப்புளம்.

“ஆத்தாளுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேண்ணா,” என்று சிரித்தாள். “எல்லாம் சரியா இருக்கா?”

“என் பக்கம் சரியா இருக்கும்மா.”

அதில் பொய் ஏதும் இல்லை என்பது பிரஹலாதுக்குத் திருப்தியளித்தது.

மறுநாள் வாடிக்கையாளர் குத்புதீன் வந்து அமர்ந்தார். ஜன்னலுக்கு அப்பால் தெரிந்தது அவருடைய பட்டறைதான். உலையை வேண்டுமென்றே வரம்புக்குமேல் சூடேற்றினார்கள். ‘சரி’ என்ற வரியும் ‘அபாயம்’ என்ற வரியும் ஒட்டிக்கொண்டு வந்தன. உலைமேல் சிவப்பு விளக்கு எரிந்தது. அலுவலக மணியோ வாய் திறக்கவில்லை. உலை அடுத்த செய்தியை அனுப்பிய பிறகே அலறியது.

“என்ன பூவரசன், ஆளு செத்து ஃபாத்திஹா ஓதினப்புறம்தான் உங்க மணி அடிக்குமா?” என்று குத்புதீன் எழுந்தார். “கீழ டீ குடிச்சிட்டு வரேன். அதுக்குள்ள சரிபண்ணி வைங்க.”

பூவரசன் திரும்பினார். “வரி எடுக்குற பார்ட் யாருது?”

“என்னுதுங்க சார்,” என்றாள் அனுசுயா.

“எந்திரி,” என்றவர் பிரஹலாதிடம் திரும்பினார். “சாமி, நீங்க உக்காந்து என்னன்னு பாருங்க.”

பிழை இருக்கும் இடம் பிரஹலாதுக்குத் தெரியும். நேராக அங்கே போனால், முன்பே தெரியுமா என்ற கேள்வி எழும். ஆகவே தேடத் தொடங்கினார். வலையமைப்பைச் சோதித்தார். ஃபைலைத் திறந்து மூடினார். எழுதினார், அழித்தார். அனுசுயா ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிமாறி நின்றாள். கொப்புளம் உடைந்து தரையில் ஈரம் படிந்தது.

“சமயபுரம் வரைக்கும் நடந்த காலு, இங்க நிக்கமாட்டேங்குதா?” என்றான் பின் வரிசையில் வேலை செய்யும் பிரவீன்ராஜ். நான்கைந்து பேர் சிரித்தார்கள்.

அவள் குனிந்து மெல்லச் சொன்னாள்: “அண்ணா, முடியலண்ணா. ரெண்டு வரி சேந்து வந்தா என்ன ஆகும்னு பாருங்களேன். பஃபர்லதான் நிக்குதுன்னு தோணுது.”

“அவசரப்படாதே அனுசுயா. முறைப்படிதான் போகணும்.”

மேலும் சிறிது நேரம் முறைப்படி போனார். குத்புதீன் படியேறி வரும் ஓசை கேட்டதும் அந்தத் திருத்தத்தை எழுதினார். உலையை மறுபடி சூடேற்றியபோது சிவப்பு விளக்கு எரிந்த கணமே மணியும் அடித்தது. குத்புதீன் கைதட்டினார்.

“சாமி, நீங்கதான் இனிமே பர்மனென்ட்,” என்றார் பூவரசன்.

“சார், பஃபர்னு நான்தான் சொன்னேன்.” அனுசுயா பிரஹலாதைப் பார்த்தாள். “சொல்லுங்கண்ணா.”

பிரஹலாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “யோசனை யாருக்கும் வரும் சார். எழுதினாத்தானே நிரல்?”

அவள் நாற்காலியைத் தடவி இழுத்தாள்.

“எதுக்கும்மா உக்கார்றே?” என்றார் பூவரசன். “கிளம்பத்தானே போறே.”

அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி படியிறங்கினாள். பிரஹலாத் மணியை இன்னொரு முறை சோதித்தார். உடனே அடித்தது.